ஆயில் லைட் எரியலைன்னா எல்லாம் சரியா?

பழைய வண்டிகளின் டேஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். 'ஆயில்' என்று எழுதியிருக்கும். அது எரிந்தால் ஆபத்து, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எரியாமல் இருந்தால் என்ன அர்த்தம்? 'ஆபத்து இல்லை' என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த விளக்கு அப்படி எதையும் சொல்லவே இல்லை. அது சொல்லாத ஒன்றை நாமே கேட்டுக்கொள்கிறோம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இங்கே டெக்சாஸில் அவரிடம் ஒரு 1965 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக் இருக்கிறது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. உள்ளே 240 கன அங்குல, அதாவது சுமார் 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். போன வருஷம் இந்த டிரக்கில் சுமார் 900 மைல் தள்ளி இருக்கும் மகள் வீட்டுக்குப் போக முடிவு செய்தார். வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றிவிட்டு, "லைட் எரியலை, தாராளமா போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை. விளக்குக்குப் பதிலாக முள் காட்டும் கேஜ் ஒன்று போடலாமா என்று என்னிடம் கேட்டார்.

நான் படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். சர்வர்களைக் கண்காணிக்கும் சிஸ்டம் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் 'அலாரமா, அளவீடா?' என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. இந்த டிரக்குக்காகக் கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் கிடைத்தவற்றைக் குறித்து வைக்கிறேன்.

பிரஷர் எங்கிருந்து வருகிறது?

ஆயில் பம்ப்தான் பிரஷரைத் தருகிறது என்று நினைப்போம். பாதிதான் சரி. இந்த வகை எஞ்சின்களில் பம்ப் கேம் ஷாஃப்ட் வழியாகச் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆயிலைத் தள்ளிவிடும். அவ்ளோதான் அதன் வேலை. தள்ளப்பட்ட ஆயில் எங்கேயாவது வெளியேற வேண்டுமே? கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாகத்தான் பெரும்பகுதி கசிந்து, திரும்ப சம்ப்பில் விழுகிறது. அந்தக் கசிவுக்கு இருக்கும் தடைதான் பிரஷர்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். விரலைத் தளர்த்தினால் சொத்தென்று விழும். குழாய் அதேதான், தண்ணீரும் அதேதான். மாறியது விரல் விட்ட இடைவெளி.

எஞ்சினில் அந்த விரல்தான் பேரிங். புது பேரிங்கில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தேயத் தேய அது கூடும். இங்கே ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. இந்த மாதிரி மெல்லிய இடுக்கில் கசியும் அளவு இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரண்டு மடங்கானால், அதே பிரஷரில் கசிவு எட்டு மடங்கு. அதனால் ஆரம்பத்தில் தேய்மானம் பிரஷரில் பெரிதாகத் தெரியாது. ஒரு கட்டத்துக்கு மேல் மளமளவென்று இறங்கும்.

இன்னும் இரண்டு விஷயம் பிரஷரை மாற்றும். ஒன்று, ஆயிலின் சூடு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாக இருப்பதால் பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கும், ரிலீஃப் வால்வ் திறந்து அதற்கு ஒரு உச்சவரம்பு போடும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் இறங்கும். இரண்டு, எஞ்சினின் வேகம். ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுழலும், பிரஷர் குறைவு. பழைய அமெரிக்க எஞ்சின்களுக்கு மெக்கானிக்குகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ இருந்தால் போதும். (நம்ம கார் டயரில் 30 பிஎஸ்ஐயை ஒட்டித்தான் காற்று அடிக்கிறோம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.)

ஆக, ஆயில் பிரஷர் ஒற்றை எண் கிடையாது. சூடு, வேகம், தேய்மானம் மூன்றும் சேர்ந்து எழுதும் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளியைத்தான் விளக்கு பார்க்கிறது.

விளக்கு எப்படி வேலை செய்கிறது?

எஞ்சின் பிளாக்கில் ஆயில் ஓடும் பாதைக்குள் திருகப்பட்ட சின்ன ஸ்விட்ச். உள்ளே ஒரு டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி காண்டாக்ட். பிரஷர் இல்லாதபோது காண்டாக்ட் சேர்ந்திருக்கும். கரண்ட் இக்னிஷன் ஸ்விட்ச்சிலிருந்து பல்புக்கு வந்து, பல்பிலிருந்து ஒற்றை வயர் வழியாக இந்த ஸ்விட்ச்சுக்கு வந்து, எஞ்சின் பிளாக்கில் எர்த் ஆகும். பல்பு எரியும். ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் ஏறி டயஃப்ரம்மைத் தள்ளும், காண்டாக்ட் பிரியும், பல்பு அணையும்.

எந்த அளவில் பிரியும்? சாதாரணமாக 4 முதல் 7 பிஎஸ்ஐக்குள். இது வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டது. நல்ல எஞ்சின்கூட சூடான ஐடிலில் கீழே இறங்கும் என்பதால், வரம்பை உயர்த்தினால் ஒவ்வொரு சிக்னலிலும் விளக்கு கண் சிமிட்டி ஆளைப் பதற வைக்கும். ஆனால் அதே 5 பிஎஸ்ஐ வரம்புதான் நெடுஞ்சாலையில் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போதும். 40 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தாலும் விளக்கைப் பொறுத்தவரை எல்லாம் சௌக்கியம். அந்த வேகத்தில் அது எரியும்போது எஞ்சினுக்கு மிச்சம் இருப்பது சில நொடிகள்.

1930களிலேயே அமெரிக்காவின் ஹட்சன் கார்களில் இந்த மாதிரி எச்சரிக்கை விளக்குகள் வந்துவிட்டன. கேஜைவிட மலிவு, பார்த்ததும் புரியும். வண்டிப் பிரியர்கள் வைத்த பெயர் 'இடியட் லைட்'. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. விளக்கின் குறை அது எளிமையாக இருப்பதில் இல்லை, அதன் மௌனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் இருப்பதில் இருக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலும் விளக்கு எரியாது. வயர் அறுந்தாலும் எரியாது. பிரஷர் 60 இருந்தாலும் எரியாது, 6 இருந்தாலும் எரியாது. நான்கும் டிரைவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இதனால்தான் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது முக்கியம். அது அலங்காரம் இல்லை, அந்த சர்க்யூட்டின் செல்ஃப் டெஸ்ட். அந்த ஒரு நொடியில்தான் பல்பும் வயரும் உயிரோடு இருக்கின்றன என்று நமக்குத் தெரிகிறது.

முள்: இரண்டு வழி

கேஜில் இரண்டு வகை. முதல் வகை மெக்கானிகல். எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஆயிலையே டேஷ்போர்டு வரை கொண்டுவருகிறது. கேஜுக்குள் கேள்விக்குறி மாதிரி வளைந்த தட்டையான உலோகக் குழாய் இருக்கும். பிரஷர் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். பிரான்ஸில் யூஜின் போர்டன் 1849ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. காலேஜ் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பேட்டரி வேண்டாம், எர்த் வேண்டாம். குறை என்னன்னா, சூடான ஆயில் கேபினுக்குள் வந்து நிற்கிறது. குழாய் விரிசல் விட்டால் உங்கள் கால் மேல்தான் ஒழுகும். செம்புக் குழாய் அதிர்வில் இறுகி ஒடியும், அதனால் எஞ்சின் பக்கம் இரண்டு சுற்று வளையமாக விட்டுப் பொருத்துவார்கள். நைலான் குழாய் என்றால் சைலன்சர் மேனிஃபோல்டு பக்கமே போகக்கூடாது, உருகிவிடும்.

இரண்டாவது வகை எலக்ட்ரிகல். எஞ்சினில் ஒரு சென்டர். பிரஷருக்கு ஏற்ப அதன் ரெசிஸ்டன்ஸ் மாறும், கேஜ் அதைப் படிக்கும். கேபினுக்குள் வருவது வயர் மட்டுமே. இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இருக்கிறது: சென்டரும் கேஜும் ஜோடியாக இருக்க வேண்டும். பழைய ஃபோர்டு கேஜுக்கு ஏறக்குறைய 73 ஓம் என்றால் பூஜ்யம், 10 ஓம் என்றால் முழு அளவு. தனியாக விற்கும் பல கேஜ்களில் அதுவே 240க்கு 33. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 0க்கு 90, அதுவும் தலைகீழாக: 0 ஓம் என்றால் பூஜ்ய பிரஷர். ஜோடி மாறினால் முள் நகரும், ஆனால் பொய் சொல்லும்.

ஜோடியைப் பார்த்து வாங்கினால் இன்னொரு பலன். வயர் அறுந்தால் என்ன ஆகும்னு முன்கூட்டியே தெரியும். 73–10, 240–33 வகைகளில் வயர் அறுந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும், அதாவது பயமுறுத்தும். 0–90 வகையில் முள் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். எப்படி இருந்தாலும் கோளாறு கோளாறாகவே தெரிகிறது. விளக்கு இருட்டில் மறைத்துவிடுவதை முள் மறைப்பதில்லை.

12 வோல்ட் வண்டியில் 5 வோல்ட்

அந்தக் கால ஃபோர்டில் வேறொரு விசேஷம். அதில் பெட்ரோல் கேஜும் டெம்பரேச்சர் கேஜும் 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். உள்ளே ஒரு பைமெட்டல் பட்டையும் அதைச் சுற்றிய ஹீட்டர் வயரும். கரண்ட் வந்தால் பட்டை சூடாகி வளைந்து காண்டாக்டைப் பிரிக்கும். ஆறினால் திரும்பச் சேரும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக சுமார் 5 வோல்ட் வருமாறு செய்கிறது. இன்றைக்கு மைக்ரோகண்ட்ரோலரில் நாம் எழுதும் பல்ஸ் விட்த் மாடுலேஷனை அன்றைக்கே ஒரு தகரத் துண்டு செய்திருக்கிறது!

கரண்ட் விட்டு விட்டு வந்தால் முள் நடுங்காதா? நடுங்காது. கேஜுக்குள்ளும் இதே மாதிரி சூடாகி வளையும் பட்டைதான். சூடேற, ஆற நேரம் எடுப்பதால் துடிப்புகள் எல்லாம் கரைந்து சராசரி மட்டுமே முள்ளில் தெரியும்.

இதன் நடைமுறை அர்த்தம்: ஃபோர்டு வகை கேஜை ஆயில் விளக்குக்கு வரும் 12 வோல்ட் வயரில் நேரடியாக மாட்டினால் கேஜ் கருகிவிடும். ரெகுலேட்டரின் 5 வோல்ட் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ரெகுலேட்டருக்கு பாடி எர்த் நன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எர்த் போனால் அதன் ஹீட்டர் சூடாகாது, காண்டாக்ட் பிரியாது, முழு 12 வோல்ட்டும் எல்லா கேஜ்களுக்கும் பாயும்.

பொருத்தும்போது கவனித்தவை

நாங்கள் மெக்கானிகல் கேஜைத் தேர்ந்தெடுத்தோம். 60 வருஷ வயரிங்கை நம்பி ஒரு முடிவு எடுக்க வேண்டாம் என்பது காரணம். டேஷ்போர்டில் ஓட்டை போடவில்லை. அப்பா உட்கார்ந்து பார்த்த டேஷ்போர்டு அது, அதை வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. அடியில் ஒரு பிராக்கெட் போட்டு மாட்டினோம், நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

விளக்கை எடுக்கவில்லை. 'விளக்குக்குப் பதில் கேஜ்' என்று ஆரம்பித்தது 'விளக்கும் கேஜும்' என்று முடிந்தது. பிளாக்கில் இருந்த துவாரத்தில் பித்தளை டீ ஒன்றைப் போட்டு, ஒரு வாயில் பழைய ஸ்விட்ச், இன்னொரு வாயில் கேஜின் குழாய்.

மூன்று சின்ன விஷயங்கள் இங்கே முக்கியம். ஒன்று, மரை. 1/8 அங்குல பைப் மரை என்றால் வெளி விட்டம் 1/8 அங்குலம் இல்லை, கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். பெயர் பழைய குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்தது. அமெரிக்க என்பிடி மரையில் அங்குலத்துக்கு 27 புரி, பிரிட்டிஷ் பிஎஸ்பி மரையில் 28. இரண்டு மூன்று சுற்று ஒன்றுக்குள் ஒன்று போவது போலப் போகும், பிறகு இறுகி மரையைத் தின்றுவிடும். பிரிட்டிஷ் வழி வந்த பழைய லாரிகளில் இதைச் செய்பவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு, டெஃப்லான் டேப். ஸ்விட்ச்சுக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப்பைச் சுற்றிக்கொண்டே போனால் எர்த் போய்விடலாம். நுனியில் சுற்றினால் துண்டு கிழிந்து ஆயில் பாதைக்குள் போகும். என்பிடி சாய்வு மரை, இறுக்கினாலே அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் சீலன்ட் போதும், முதல் இரண்டு மரையை விட்டுவிட வேண்டும்.

மூன்று, எடை. டீ, நீட்டிப்பு, சென்டர் என்று ஒன்றன் நுனியில் ஒன்றாகத் தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் அடிமரை களைத்து ஒடியும். ஒடிந்தால் பம்ப் மொத்த ஆயிலையும் வெளியே கொட்டிவிடும். பிரஷரைப் பார்க்கப் போட்ட சாமானே பிரஷரைக் கொன்ற கதையாகிவிடும். கனமான சென்டர் என்றால் ஹோஸ் வைத்து பாடியில் தனியாகப் பொருத்துவது நல்லது.

முள் என்ன சொன்னது?

காலையில் குளிர்ந்த எஞ்சின்: 50 பிஎஸ்ஐ. அவர் முகத்தில் சந்தோஷம். நான் காத்திருக்கச் சொன்னேன். அரைமணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் 7. அதே சூட்டில் 2000 ஆர்பிஎம்மில் 14. தோராயக் கணக்குப்படி 20 இருக்க வேண்டும். விளக்கு? ஒரு தடவைகூட எரியவில்லை. 7 பிஎஸ்ஐ அதன் வரம்புக்கு மேலேதானே.

தப்பு கேஜிலா என்று சந்தேகப்பட வேண்டியதும் கடமை. டெஸ்ட்டுக்கு வைத்திருக்கும் வேறொரு கேஜை மாட்டிப் பார்த்தோம், கிட்டத்தட்ட அதே எண்கள். ஆயில் சரியான கிரேடு, அளவும் சரி. பயணம் தள்ளிப் போடப்பட்டது. வேறொரு மெக்கானிக் சம்ப்பைக் கழற்றி பேரிங் ஷெல்களைப் பார்த்தார். பல ஷெல்களில் மேலே இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளை உலோகப் பூச்சு தேய்ந்து அடியில் உள்ள செம்பு நிறம் தெரிந்தது. வண்டியின் வயசுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நல்லவேளையாக கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழவில்லை. ஷெல்களையும் பம்பையும் மாற்றியதோடு முடிந்தது. இப்போது சூடான ஐடிலில் 20, 2000 ஆர்பிஎம்மில் 42. 900 மைல் போய்விட்டும் வந்துவிட்டார்.

எண் என்று நினைத்தது எண் இல்லையென்றால்?

இதைப் படித்துவிட்டு 'என் வண்டியில் முள் இருக்கிறது, கவலை இல்லை' என்று யாராவது நினைத்தால் ஒரு தகவல். 1980களின் பிற்பகுதியிலிருந்து பல ஃபோர்டு எஃப்-சீரீஸ் பிக்கப்களில் டேஷ்போர்டில் ஆயில் கேஜ் இருக்கும், முள் இருக்கும். எஞ்சினில் சென்டர் இருக்காது. விளக்குக்குப் போடும் அதே மாதிரி ஸ்விட்ச்தான். வரம்புக்கு மேல் பிரஷர் இருந்தால் ஸ்விட்ச் மூடும், வழியில் உள்ள 20 ஓம் ரெசிஸ்டர் முள்ளை நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். 10 பிஎஸ்ஐயா 50 பிஎஸ்ஐயா, முள்ளுக்குக் கவலை இல்லை, நடுவில்தான் நிற்கும். முள் வேஷம் போட்ட விளக்கு!

இப்படிச் செய்தால் டிரைவர் பதறமாட்டார் என்பது உண்மைதான். நிஜ முள் ஐடிலில் இறங்கும், வேகத்தில் ஏறும், பழக்கமில்லாதவரைப் பயமுறுத்தும். ஆனால் இதில் போவது என்னன்னா, விளக்காவது 'எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்' என்று நேர்மையாக இருந்தது. இந்த முள் தெரியாததையும் தெரிந்த மாதிரி காட்டுகிறது. நான் வேலை செய்யும் உலகத்திலும் இப்படிப்பட்ட பச்சை நிற டேஷ்போர்டுகள் உண்டு. உங்கள் கேஜ் நிஜமானதா என்று பார்ப்பது சுலபம்: குளிர்ந்த எஞ்சினுக்கும் சூடான எஞ்சினுக்கும், ஐடிலுக்கும் வேகத்துக்கும் முள் நகர வேண்டும். நகராத முள்ளை நம்ப வேண்டாம்.

ஒருவேளை நிஜ கேஜ் இருந்தாலும், முள் தானாக எதையும் சொல்லாது. 14 நல்லதா கெட்டதா என்று தெரிய, போன மாதம் அதே சூட்டில் அதே வேகத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ரோட்டைப் பார்த்து ஓட்டும்போது முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. திடீரென்று ஆயில் பைப் உடைந்தால் கண்ணை இழுப்பது விளக்குதான், முள் இல்லை. மெதுவாகத் தேயும் பேரிங்கை விளக்கு ஒருநாளும் சொல்லாது, அதற்கு முள் வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில்.

இப்போது அந்த டிரக்கின் கிளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் மூன்று எண்கள்: குளிர்ந்த ஐடில், சூடான ஐடில், சூடான 2000. பக்கத்தில் தேதியும் மைலும். நாலு வரிதான் சேர்ந்திருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேஜ் வாங்கும்போது கூடவே அப்படி ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள். இரண்டில் விலை குறைவானது நோட்டுதான்.